கஜாவில் விழுந்த தென்னை மேல் ஒரு காய்கறி மேடு

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகள் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் கொல்லையில் வெகுநாள் கிடந்தன. பாதி மக்கிய அந்தக் கட்டைகளைப் புதைத்துத்தான் முதல் மேடு போட்டேன்.

அகலம் நாலடி போதும். இரண்டு பக்கமும் நின்றால் நடுவுக்குக் கை எட்டணும். ஓரடிப் பள்ளம் தோண்டி, மேல்மண்ணைத் தனியே குவித்துவையுங்கள். அடியில் தடித்த கட்டை, அதன்மேல் சுள்ளி, சருகு. அடுக்குக்கு அடுக்கு சாணிக்கரைசல் ஊற்றி, சந்துகளில் மண்ணைக் குத்தி இறக்கணும். பொந்து விட்டால் எலி குடிவந்துவிடும். கடைசியில் மேல்மண்ணால் மூடுங்கள்.

பச்சை முருங்கைக் கட்டை மட்டும் வேண்டாம். நான் வைத்தேன், கத்தரி நட்ட இடமெல்லாம் முருங்கைத் துளிர்! பூவரசும் அப்படித்தான்.

மக்கும் கட்டை தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் முதல் வருஷம் கத்தரி வெளுத்துப்போகும். முதலில் தட்டைப்பயறு போடுங்கள். மேடு அமுங்கும், ஐப்பசி மழைக்கு முன்னால் நாலு கூடை மண் கொட்டுங்கள்.