தவறு பைதானிலா, உங்கள் நிரலிலா? படிப்படியாகக் கண்டுபிடிப்போம்

நிரலை எத்தனை முறை படித்தாலும் பிழை தெரியவில்லை, விடை மட்டும் தப்பாகவே வருகிறது என்றால், நிரலைப் படித்து ஓட்டும் இன்டர்பிரட்டர் மீதே சந்தேகம் எழும். எழட்டும். அதுவும் மனிதர்கள் எழுதிய நிரல்தான். ஆனால் புதிதாகக் கற்பவரின் சந்தேகம் பெரும்பாலும் நிரூபணமாவதில்லை; அதனால் மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். இங்கே பைதானை வைத்து விளக்குகிறேன்.

படி 1: எந்தப் பைதான் ஓடுகிறது?

ஒரே கணினியில் இரண்டு மூன்று பைதான்கள் இருப்பது சாதாரணம். ‘சிஸ்’ மாட்யூலின் ‘வெர்ஷன்’, ‘எக்ஸிக்யூட்டபிள்’ இரண்டையும் அச்சிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: நிரலைச் சுருக்குங்கள்

உண்மையான வேலை இதுதான். நிரலில் பாதியை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். தவறு அப்படியே இருந்தால் நீக்கியது தேவையில்லை. மறைந்துவிட்டால் அதைத் திரும்பச் சேர்த்து, வேறொரு பகுதியை நீக்குங்கள். கோப்பிலிருந்து படிக்கும் தரவுக்குப் பதில் மதிப்புகளை நேரடியாக நிரலிலேயே எழுதுங்கள். வெளியிலிருந்து நிறுவிய பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பத்து வரிக்குள் அடங்கும்வரை விடாதீர்கள். சலிப்பான வேலைதான்; ஆனால் பல மர்மங்கள் இங்கேயே அவிழ்ந்துவிடும்.

சுருக்கும்போது இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். உங்கள் கோப்புக்கே ‘ரேண்டம்’ என்று பெயர் வைத்திருந்தால், பைதானின் சொந்த மாட்யூலுக்குப் பதில் அதுதான் ஏற்றப்படும். அடுத்தது, ஓட்டும்போதெல்லாம் விடை மாறுவது. பைதான் 3.3 முதல் சரங்களின் ஹாஷ் மதிப்பு (சரத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண்) ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறுவதால், செட்டில் உள்ள சொற்களின் வரிசையும் மாறலாம். ‘பைதான்ஹாஷ்சீட்’ (PYTHONHASHSEED) என்ற சூழல் மாறியை 0 என்று வைத்து ஓட்டினால் அந்த மாற்றம் நின்றுவிடும்.

படி 3: ஆவணத்தைப் படியுங்கள்

-7 // 2 என்பதற்கு -4 வருகிறதா? சரியான விடைதான்; பைதான் கீழ்நோக்கி முழுமையாக்கும். ரவுண்ட்(2.5) என்றால் 2, ரவுண்ட்(3.5) என்றால் 4. சரிபாதியில் நிற்கும் எண் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 ஆவதும் பைதானின் குற்றமன்று. இரும எண் முறையில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது. ஆவணத்தில் உள்ளபடி நடந்தால், பிடிக்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம், பிழை என்று சொல்ல முடியாது.

படி 4: வேறு இன்டர்பிரட்டரில் ஓட்டுங்கள்

சுருக்கிய நிரலைப் பழைய பதிப்பு, புதிய பதிப்பு, பைபை (பைதான் நிரல்களை ஓட்டும் வேறோர் இன்டர்பிரட்டர்) ஆகியவற்றில் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே விடை என்றால் உங்கள் புரிதலை மறுபடி சோதியுங்கள். விடை மாறினால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் அதுவே நிரூபணமாகாது. சிபைதான், அதாவது நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைதான், சிறிய முழு எண்களை (பல பதிப்புகளில் -5 முதல் 256 வரை) முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கும். இரண்டும் ஒரே பொருள்தானா என்று பார்க்கும் ‘இஸ்’ கொண்டு எண்களை ஒப்பிட்டால் விடை இடத்துக்கு இடம் மாறுவது இதுபோன்ற உள் ஏற்பாடுகளால்தான். மொழி உறுதியளிக்காத ஒன்றை நம்பியது நம் தவறு.

படி 5: உள்ளே எட்டிப் பாருங்கள்

‘டிஸ்’ மாட்யூல் உங்கள் செயற்கூற்றின் பைட்கோடை, அதாவது இன்டர்பிரட்டர் நிறைவேற்றும் உள் கட்டளைகளை, காட்டும். அதுவே தவறாக இருந்தால் கம்பைலர் பகுதியிலும், சரியாக இருந்தால் அதை நிறைவேற்றும் பகுதியிலும் தேட வேண்டும். பிழைச் செய்தியே இல்லாமல் பைதான் திடீரென்று செத்துவிழுந்தால், ‘ஃபால்ட்ஹேண்ட்லர்’ மாட்யூலை இயக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எந்த வரியில் விழுந்தது என்று தெரியும். சி மொழியில் எழுதிய வெளிப் பேக்கேஜ் ஏதாவது உடன் இருந்தால், முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

படி 6: எந்த மாற்றத்தில் நுழைந்தது?

பழைய பதிப்பில் சரி, புதியதில் தவறு என்றால் சிபைதான் மூலநிரலில் ‘கிட் பைசெக்ட்’ ஓட்டலாம்; அது மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். இடையில் 1000 மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 10 சோதனைகளில் குற்றவாளி சிக்கும். மூலநிரலிலிருந்து பைதானை உருவாக்கத் தெரியாவிட்டால் இந்தப் படியைத் தாராளமாக விட்டுவிடலாம்.

படி 7: தெரிவியுங்கள்

சிபைதானின் கிட்ஹப் பக்கத்தில் முதலில் தேடுங்கள். யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கலாம். இல்லையென்றால் சுருக்கிய நிரல், எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை, பதிப்பு, இயங்குதளம் ஆகியவற்றை எழுதுங்கள். நிரலைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) ஒட்டாதீர்கள்; எழுத்தாகவே ஒட்டுங்கள். படிப்பவர் முதலில் செய்யப்போவது அதை நகலெடுத்து ஓட்டிப் பார்ப்பதுதான்.