மதியம் 2 மணிக்கு மேல் மலைப்பக்கம் பாருங்க

கோடை முடியிற சமயத்தில் மதியத்துக்கு மேல் திடீர்னு இடிமழை வரலாம்; காலை வெயிலை நம்பி கொப்பரையைக் காயப்போட்டுவிட்டு வெளியூர் போகாதீங்க. குளிர் நாடுகள் பலவற்றில் குளிர்காற்று முகப்பு (முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) வந்து சூடான காற்றை மேலே தள்ளி இடிமழை தரும். நம்ம குமரி மாவட்டத்தில் அந்த வேலையைக் கடல்காற்றும் மேற்குத் தொடர்ச்சி மலையும் சேர்ந்து பார்க்கின்றன. ஈரக்காற்று மலையில் ஏறி, மதியத்துக்கு மேல் பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் வானம் கறுக்கும். அப்போது நாகர்கோவிலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கலாம்.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்க. இடி கேட்கும்வரையான நொடிகளை 3-ஆல் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் வரும். 30 நொடிக்குள் கேட்டால் உடனே கான்கிரீட் வீட்டுக்குள் போயிடணும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரணும். ஆனால் மழை விட்டதுமே தேங்காய் பொறுக்க ஓடுறவங்கதான் அதிகம்!

தென்னை மரத்தடியும் ரப்பர் தோட்டத்து ஓலைக் கொட்டகையும் மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது. கண்ணாடி ஏற்றிய கார் பரவாயில்லை. டிவி, மோட்டார் பிளக்கை இடி நெருங்கும் முன்பே பிடுங்கிடுங்க. தலைக்கு மேல் இடிக்கும்போது தொடவே வேண்டாம்.

திற்பரப்பில் குளிக்கும்போது மலையில் இருட்டிவிட்டால், அருவியில் தண்ணீர் கூடுதா என்று நின்று பார்க்காமல் கரையேறிடுங்க. போனில் ‘தாமினி’ செயலி இருந்தால் சுற்றுவட்டார மின்னல் எச்சரிக்கை வரும்.