‘ஜூபல்’ பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரைப்படம் பற்றி எழுதப் பழகுகிறவர்களுக்கு மாதம் ஒரு முறை வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் டெல்மர் டேவ்ஸ் இயக்கிய ‘ஜூபல்’ (1956) படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு கட்டுரை கேட்டேன். பதினொரு கட்டுரைகள் வந்தன. அதில் ஒன்பது, “ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவைக் குதிரைமேல் ஏற்றினால் இந்தப் படம்” என்கிற ரீதியில்தான் தொடங்கின. படிக்கப் படிக்கச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஏனென்றால் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நான் எழுதியதும் அதே வாக்கியம்தான்.

நடிகர் பெயரை மாற்றி எழுதுவது, வருடத்தைத் தப்பாகப் போடுவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது கவனக்குறைவு, திருத்திக்கொள்ளலாம். இன்னொன்று, முடிவு வரை பேசப் போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பொருத்திப் பார்க்கும் பட்டியல்

ஷேக்ஸ்பியரின் நாடகத்தோடு உறவு உண்டு, மறுக்கவில்லை. அதில் தளபதி ஒத்தெல்லோ, இயாகோ ஓதிய பொய்யை நம்பி, தன் உதவித் தளபதி காசியோவோடு சேர்த்துச் சந்தேகப்பட்டு, குற்றமற்ற மனைவி டெஸ்டிமோனாவைக் கொன்றுவிடுகிறான். படத்துக்கு வருவோம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷெப் ஹோர்கன் என்ற பண்ணைக்காரர் (எர்னஸ்ட் போர்க்னைன்), மலையில் துவண்டு கிடந்த ஜூபல் ட்ரூப்பை (க்ளென் ஃபோர்ட்) எடுத்து வந்து வேலை கொடுக்கிறார். பிறகு அவனையே மேஸ்திரி ஆக்குகிறார். பழைய ஆள் பிங்கிக்கு (ராட் ஸ்டைகர்) அது பொறுக்கவில்லை. ஷெப்பின் மனைவி மேயும் ஜூபலும் கூடிவிட்டார்கள் என்று ஷெப்பின் காதில் ஓதுகிறான். சரி, ஷெப் ஒத்தெல்லோ, பிங்கி இயாகோ, ஜூபல் காசியோ, மே டெஸ்டிமோனா. பட்டியல் தயார். கட்டுரை அங்கேயே செத்துவிட்டது.

என் கட்டுரையும் அப்படித்தான் செத்தது. ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. ‘குற்றமற்ற மனைவி மே’ என்று எழுதியிருந்தேன். அடுத்த வாரம் ஒரு வாசகரிடமிருந்து அஞ்சலட்டை: “நீங்கள் எழுதியது படத்தைப் பார்த்தா, நாடகத்தைப் படித்தா?” அவ்வளவுதான் அதில் இருந்தது. அதன் பிறகு இரண்டு வருடம் அந்தப் பத்திரிகை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நியாயம்தான்.

மே குற்றமற்றவள் இல்லை. ஜூபல் வருவதற்கு முன்பு பிங்கியோடு அவளுக்கு உறவு இருந்தது. இப்போது ஜூபல் வேண்டும் என்கிறாள். அவன் மறுக்கிறான். டெஸ்டிமோனாவின் நிழல்கூட இங்கே இல்லை. இதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து வருவதெல்லாம் நழுவிப்போகும்.

நாடகத்தில் சந்தேகத்துக்குச் சாட்சி ஒரு கைக்குட்டை. படத்தில் கைக்குட்டை எங்கே என்று என் மாணவர் ஒருவர் அரைப் பக்கம் தேடியிருந்தார், பாவம். அப்படி ஒரு பொருளே கிடையாது. பிங்கி ஏற்றிவிட்ட சந்தேகத்தோடு ஷெப் ராத்திரி வீட்டுக்கு வருகிறார். தூக்கக் கலக்கத்தில் மேயின் வாயில் ஜூபலின் பெயர் வருகிறது. அவர் உலுக்கிக் கேட்கும்போது, நடக்காததை நடந்ததாக அவளே ஒப்புக்கொள்கிறாள். வெறுப்பில் சொல்லும் பொய். ஷெப் நம்பியது பிங்கியை அல்ல, கட்டியவளின் வாய்வார்த்தையை. அவரை ஏமாளி என்று எப்படிச் சொல்வீர்கள்?

பிறகு நடப்பதும் நாடகத்தின் வழியில் போகவில்லை. ஷெப் மனைவியைக் கொல்வதில்லை. ஜூபலைச் சுட மதுக்கடைக்குப் போகிறார். ஜூபலின் நண்பன் ரெப் (சார்ல்ஸ் பிரான்சன்) தூக்கிப்போட்ட துப்பாக்கியால் ஜூபல் சுட, அவனை மகன்போல் நடத்திய மனிதர் விழுகிறார். பழி முழுக்க ஜூபல் தலையில். கடைசியில் பிங்கியிடம் அடிபட்டுச் சாகக் கிடக்கும் மே வாயைத் திறந்து உண்மையைச் சொல்கிறாள். நாடகத்தில் அது இயாகோவின் மனைவி எமிலியாவின் வேலை. இயாகோவின் பொய்க்கு முத்திரை குத்தியதும் மே, அந்தப் பொய்யை உடைத்ததும் மே. உங்கள் பட்டியலில் அவளை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? நான் அன்று யோசித்திருக்க வேண்டிய கேள்வி இது. இன்றும் அதை நினைத்தால் என்மேல்தான் கோபம் வருகிறது.

பிங்கியையும் இயாகோ என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். இயாகோ ஏன் அப்படிச் செய்கிறான் என்று அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பிங்கி விஷயத்தில் அந்தச் சிரமம் இல்லை. ஜூபல் வந்த அன்றே அவன்மேல் ஆட்டு வாடை அடிக்கிறது என்று மூக்கைச் சுளிக்கிறான். மாட்டுப் பண்ணை ஆட்களுக்கு ஆடு மேய்த்தவன் என்றாலே இளக்காரம். மேயின் பேச்சு வருவதற்கு வெகு முன்பே வயிற்றெரிச்சல் தொடங்கிவிட்டது. வேலை போயிற்று, முதலாளியின் பிரியம் போயிற்று, பெண்ணும் போனாள், அந்த வரிசையில். இதில் பொறாமைக்காரன் ஷெப்பா, பிங்கியா?

நடிப்புக்கு மார்க் போடுவது

ஸ்டைகர் ‘ஓவர் ஆக்டிங்’, போர்க்னைன் இயல்பு என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்தால் அந்த இரண்டு பேரையும் வேறு மாதிரி பார்ப்பீர்கள். 1953-இல் தொலைக்காட்சி நாடகமாக வந்த ‘மார்ட்டி’யில் கதாநாயகன் ஸ்டைகர். 1955-இல் அதே கதை திரைப்படமானபோது அந்த வேடம் போர்க்னைனுக்குப் போய், சிறந்த நடிகருக்கான ஆஸ்கரையும் அவருக்கு வாங்கிக் கொடுத்தது. அடுத்து இந்தப் படத்தில் போர்க்னைன் முதலாளி, ஸ்டைகர் ஓரங்கட்டப்பட்டவன். அது நடிப்பில் கலந்ததா என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் எழுதிவிடாதீர்கள். பார்க்கும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

வெட்டிய பிரதியில் பார்ப்பது

இது சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத்திரைப் படம். பக்கங்கள் நறுக்கப்பட்ட பிரதி என்றால் பார்க்காமலே இருங்கள்.

நவோமியை மறப்பது

வண்டிகளில் வரும் சமயக் கூட்டத்துப் பெண். பட்டியலில் இடம் இல்லாததால் பதினொரு பேரும் விட்டுவிட்டார்கள். நானும்தான்.

மலைகளை வர்ணிப்பது

படத்தில் தெரிவது வயோமிங்கின் டீட்டன் மலைகள். அழகு. அடுத்த பத்திக்குப் போங்கள்.