க்ளோசபினைத் தள்ளிப்போடாதீர்கள்: மருந்துக்கு அடங்காத மனச்சிதைவில் நடக்கும் தவறுகள்

மனநல மருத்துவப் பயிற்சிக்கு வருகிறவர்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை.

சீட்டைப் புரட்டாமல் முத்திரை குத்துவது

மனச்சிதைவுக்கான இரண்டு வெவ்வேறு மருந்துகளை, ஒவ்வொன்றையும் போதிய அளவில் குறைந்தது 6 வாரம் கொடுத்தும் பலன் இல்லையென்றால்தான் ‘மருந்துக்கு அடங்காத’ நோய். பழைய சீட்டுகளை அடுக்கிப் பாருங்கள்: ரிஸ்பெரிடோன் 2 மி.கி. மூன்று வாரம், ஓலன்சபின் 5 மி.கி. பத்து நாள். மாத்திரை வயிற்றுக்குள் போனதா என்பது தனிக் கேள்வி.

க்ளோசபினுக்குப் பதில் மூன்றாவது மருந்து

இதைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு மருந்துகள் தோற்றால் அடுத்தது, இத்தகைய நோய்க்கென்றே உள்ள க்ளோசபின். 1988-ல் ஜான் கேன் குழுவினரின் ஆய்வில், 6 வாரத்தில் க்ளோசபின் எடுத்தவர்களில் 30% பேர் தேறினார்கள். பழைய மருந்தான குளோர்ப்ரோமசின் எடுத்தவர்களில் 4% பேர்தான். அப்படியிருந்தும் சீட்டில் மூன்றாவது, நான்காவது மருந்து ஏறுகிறது. கை நடுங்குகிறது, நடுக்கத்தைக் குறைக்க ட்ரைஹெக்சிபெனிடில் மாத்திரை. “நல்லாத் தூங்குறான் டாக்டர், ஆனா காதுல கேக்குற குரல் நிக்கல” என்று அம்மா சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

காரணம், க்ளோசபின் ரத்த வெள்ளணுக்களைக் குறைத்துவிடுமோ என்ற பயம். 1975-ல் பின்லாந்தில் நேர்ந்த மரணங்களால் வந்த பயம் அது, நியாயமானதுதான். ஆனால் வழியும் தெரிந்ததுதானே? 12.5 மி.கி.யில் தொடங்கி, தாங்குவதைப் பார்த்து 25 மி.கி. வீதம் ஏற்றுங்கள். முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. நியூட்ரோபில் (வெள்ளணுக்களில் ஒரு வகை) மைக்ரோலிட்டருக்கு 1500-க்குக் கீழே போனால் நிறுத்துங்கள். முதல் மாதத்தில் காய்ச்சலோ படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால் இதயத்தசை அழற்சியா என்று ட்ரோபோனின் (இதயத்தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

தொடங்கியவர்களும் பாதியில் ‘இதுவும் பலிக்கவில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் மருந்தின் அளவைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 350 நானோகிராமை எட்டாமல், எட்டியபின் மூன்று மாதம் பொறுக்காமல் தோல்வி என்று எழுதாதீர்கள்.

பீடியைக் கணக்கில் எடுக்காதது

புகை கல்லீரல் நொதியைத் தூண்டி க்ளோசபினை வேகமாகக் கரைக்கிறது. வார்டில் சேர்ந்து பீடி நின்றால் அதே மாத்திரையிலேயே மருந்தின் அளவு எகிறும்: தூக்கம், எச்சில், சிலருக்கு வலிப்பு. தூண்டுவது புகை, நிகோட்டின் அல்ல. ஆகவே நிகோட்டின் பட்டையால் இதை ஈடுகட்ட முடியாது. வீட்டுக்குப் போய் மறுபடி பற்றவைத்தால் குரல்கள் திரும்பும்.

இடைவெளிக்குப் பின் பழைய அளவு

க்ளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவைத் தராமல் மறுபடி 12.5 மி.கி.யிலிருந்து தொடங்குங்கள்.

மலச்சிக்கலைக் கேட்காதது

க்ளோசபின் குடலை மந்தமாக்கும்; குடல் அடைத்தும் உயிர் போகும். வருகிற ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பழைய ட்ரைஹெக்சிபெனிடில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் படிப்படியாக எடுத்துவிடுங்கள். குடலை மேலும் கட்டுவது அதுதான்.