எஸ்கியூலைட்டில் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்ட்’: பூட்டு எங்கே மாட்டியிருக்கிறது?

பைத்தானில் எஸ்கியூலைட் (ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ்) வைத்துச் சின்ன பில்லிங் செயலி எழுதினால், இந்தப் பிழை ஒருநாள் வந்தே தீரும். நானும் முதலில் டைம்அவுட்டை (பூட்டு திறக்கக் காத்திருக்கும் நேரம்) 5 வினாடியிலிருந்து 30 ஆக்கிப் பார்த்தேன். பிழை போகவில்லை.

படி 1: பிழையை நீங்களே வரவழையுங்கள்

செயலியை மூடிவிட்டு, டேட்டாபேஸ் ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்கள். அதை இரண்டு டெர்மினலில் திறங்கள். ஒன்றில் ‘பிகின்’, பிறகு ஓர் ‘அப்டேட்’, கமிட் (மாற்றத்தை உறுதியாக்குவது) வேண்டாம். இன்னொன்றில் ‘இன்சர்ட்’ கொடுங்கள். பிழை வரும். ஒரு ஃபைலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும்; அவர் கமிட் செய்யும்வரை எழுதும் பூட்டு அவரிடம்தான்.

படி 2: என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள்

கனெக்‌ஷனின் ‘செட்_டிரேஸ்_கால்பேக்’கில் ‘பிரின்ட்’டைக் கொடுத்தால் ஓடுகிற ஒவ்வொரு வரியும் திரையில் வரும். நீங்கள் எழுதாத ‘பிகின்’ ஒன்றும் அதில் இருக்கும். இன்சர்ட், அப்டேட், டெலீட்டுக்கு முன்னால் பைத்தான் தானாகவே போடுவது அது. அதற்கும் கமிட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? என் செயலி பில்லை எழுதி, பிரின்டருக்கு அனுப்பி, அப்புறம்தான் கமிட் செய்தது. பேப்பர் தீர்ந்தால் பூட்டும் அப்படியே நிற்கும். கமிட்டை பிரின்டருக்கு முன்னால் நகர்த்தினேன்.

சந்தேகமான இடங்களில் ‘இன்_டிரான்சாக்‌ஷன்’ மதிப்பையும் அச்சிடுங்கள். ‘ட்ரூ’ என்றால் டிரான்சாக்‌ஷன் இன்னும் திறந்திருக்கிறது, அதாவது ‘பிகின்’ போட்டது இன்னும் கமிட் ஆகவில்லை.

படி 3: படித்துவிட்டு எழுதும் இடம்

டைம்அவுட் உதவாதது இங்கேதான். ‘பிகின்’ போட்டு, ஸ்டாக்கை செலக்ட் செய்து, கழித்து, அப்டேட் செய்கிறீர்கள். வெறும் ‘பிகின்’ எந்தப் பூட்டும் எடுக்காது. செலக்ட் படிக்கும் பூட்டை மட்டும் எடுக்கும். இதே வேலையை இன்னொரு கவுன்டரும் செய்தால்? நீங்கள் படிக்கும் பூட்டை விடாமல் அவரால் கமிட்டை முடிக்க முடியாது. அவர் முடிக்காமல் நீங்கள் எழுத முடியாது. காத்திருந்தாலும் தீராத முடிச்சு இது. அதனால் எஸ்கியூலைட் டைம்அவுட்டைப் பார்க்காமல் உடனே பிழை தந்துவிடும்.

தீர்வு ‘பிகின் இமீடியட்’. எழுதும் பூட்டைத் தொடக்கத்திலேயே கேட்டுவிடும். கிடைக்காவிட்டால் டைம்அவுட் வரை முறையாகக் காத்திருக்கும். பைத்தானில் ‘ஐசோலேஷன்_லெவல்’ மதிப்பை ‘நன்’ ஆக்கி, இதை நீங்களே எழுதுங்கள். அப்படியும் தோற்றால் ரோல்பேக் செய்து (செய்ததைத் திரும்பப் பெற்று), ‘பிகின் இமீடியட்’, செலக்ட் என்று முதலிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். பழைய ஸ்டாக் எண்ணை வைத்து அப்டேட்டை மட்டும் திரும்ப ஓட்டாதீர்கள், கணக்கு தப்பும்.

செயலி பாதியில் விழுந்தால் பக்கத்தில் ‘ஜர்னல்’ என்று முடியும் ஒரு ஃபைல் கிடக்கலாம். தயவுசெய்து அதை அழிக்காதீர்கள். அரைகுறையாக எழுதியதைத் திருப்பி வைக்கும் தகவல் அதில்தான் இருக்கிறது; அடுத்த முறை திறக்கும்போது எஸ்கியூலைட்டே அதைப் படித்துச் சரிசெய்துகொள்ளும்.