எம்.எஸ்சி. நர்சிங்: விண்ணப்பம் போடும் முன்னே நடந்துவிடும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பையில் யூனிஃபார்மும் சோற்றுப் பாத்திரமுமாக நாலைந்து நர்சுகளாவது இருப்பார்கள். நானும் ஒன்பது வருடம் அப்படிப் போய் வந்தவள்தான். இப்போது மார்த்தாண்டம் பக்கம் பாடம் எடுக்கிறேன். சேர்க்கைக் காலம் வந்தால் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, எம்.எஸ்சி. போடலாம்னு இருக்கேன். எந்த ஸ்பெஷாலிட்டி எடுத்தா நல்லது?"

நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "படிச்சு முடிச்சிட்டு எங்க நிக்கப் போற மக்களே? வார்டிலயா, கிளாஸிலயா?"

பலரிடம் இதற்குப் பதில் இருக்காது. நைட் டியூட்டி அலுத்துவிட்டது, கூடப் படித்தவள் சேர்ந்துவிட்டாள், வரன் பார்க்கும்போது பெயருக்குப் பின்னால் இன்னொரு பட்டம் இருந்தால் நல்லது என்று அம்மா சொல்கிறாள். இப்படித்தான் காரணங்கள் வரும். அலுப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வேலையை முடிவு செய்யாமல் படிப்பை முடிவு செய்வதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு வருடப் படிப்பு. மெடிக்கல் சர்ஜிக்கல், சமுதாய நலம், குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம் என்று ஐந்து பெரிய பிரிவுகள். மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் இதயம், நரம்பு, புற்றுநோய், சிறுநீரகம் என்று உட்பிரிவுகளும் உண்டு. எந்தப் பிரிவை எடுத்தாலும் கற்பித்தல், நிர்வாகம், ஆராய்ச்சி ஆகியவை சேர்ந்தே வரும். ஆக, இது உங்களை ஆசிரியராகவோ பொறுப்பாளராகவோ ஆக்கும் படிப்பு. வகுப்பறை பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நோயாளியின் பக்கத்திலேயே இருந்து கைத்திறனைக் கூட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இதில் சேர்ந்து, இரண்டாம் வருடம் முழுக்க பாடத்திட்டம் எழுதிக்கொண்டு, "இதுக்கா வந்தேன்" என்று அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. இந்திய நர்சிங் கவுன்சில் 2016-17 வாக்கில் கிரிட்டிக்கல் கேரில், அதாவது தீவிர சிகிச்சையில், நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைக் கொண்டுவந்தது. மருத்துவரோடு சேர்ந்து சிகிச்சை முடிவுகளிலும் பங்கெடுக்கும் நர்சுக்குத்தான் அந்தப் பெயர். அதுவும் இரண்டு வருட முதுநிலைப் படிப்புதான், ஆனால் பெரும்பகுதி நேரம் ஐசியூவில் கழியும். மகப்பேறில் ஆர்வம் என்றால் பிரசவம் பார்ப்பதற்கான நர்ஸ் பிராக்டிஷனர் மிட்வைஃப் பயிற்சி 18 மாதம். மத்திய அரசு 2018 டிசம்பரில் மிட்வைஃபரி சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்ட பிறகு இதற்கு ஒரு முகம் கிடைத்தது. நர்சிங் முடித்தவர்களுக்கென்று ஒரே வருடத்தில் முடியும் போஸ்ட் பேசிக் டிப்ளமோக்களும் உண்டு: ஆன்காலஜி எனும் புற்றுநோய்ப் பிரிவு, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, எமர்ஜென்சி என்று. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி, திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் இதய நோய்க்கும் நரம்பு நோய்க்கும் நர்சுகளுக்கென்றே டிப்ளமோ நெடுநாளாக நடக்கிறது. பட்டத்தின் பெயர் சின்னதாக இருக்கிறது என்று இதை ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்க வேண்டாம்.

நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியில் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு சீட்டை எழுதிக் காட்டுவேன். வெகுநாள் பீடி குடித்து நுரையீரல் கெட்டவர், வென்டிலேட்டரில் இருக்கிறார். ரத்த வாயு ரிப்போர்ட் வருகிறது: பிஹெச் 7.28, கார்பன் டை ஆக்சைடு 60, பைகார்பனேட் 27. மூச்சு போதாததால் ஏறிய அமிலம் என்பதை எந்த நல்ல ஐசியூ நர்சும் சொல்லிவிடுவாள். அடுத்த கேள்விதான் முக்கியம். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதைக் கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு இறங்குமா? சாதாரண நுரையீரலில் இறங்கும். இவருக்குக் காற்று வெளியே போக நேரம் அதிகம் வேண்டும். மூச்சைக் கூட்டினால் உள்ளே போனது வெளிவருவதற்குள் அடுத்த மூச்சு போய்விடும். நெஞ்சுக்குள் காற்று தேங்கும், ரத்த அழுத்தம் சரியும். அதனால் மூச்சை வெளிவிடும் நேரத்தை நீட்டிக் கொடுக்க வேண்டியிருக்கலாம். எண்ணைப் படிப்பது ஒன்று, அந்த எண் யாருடைய உடம்பிலிருந்து வந்தது என்று பார்த்து யோசிப்பது இன்னொன்று. இரண்டாவதைக் கற்றுத் தரத்தான் அந்த இரண்டு வருடம்.

அதே நேரம் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. நம் நாட்டில் நர்ஸ் பிராக்டிஷனர் என்றால் தனியாகக் கிளினிக் திறந்து மருந்து எழுதலாம் என்று அர்த்தம் இல்லை. மருத்துவமனை வகுத்த புரோட்டோகாலுக்குள், தீவிர சிகிச்சை மருத்துவரோடு சேர்ந்துதான் வேலை. பல மருத்துவமனைகளில் அந்தப் பதவியே இன்னும் உருவாகவில்லை. சேரும் முன் அங்கே முடித்த பழைய மாணவர் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். அவர்களை எந்தப் பதவியில், என்ன சம்பளத்தில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் வெளிநாடு. இங்கே எம்.எஸ்சி. முடித்துவிட்டால் அமெரிக்காவில் நேராக நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிடலாம் என்று யாரோ ஏஜென்ட் சொல்லி, நிலத்தை அடகு வைக்க இருந்த ஒரு குடும்பத்தை நான் தடுத்திருக்கிறேன். அந்தப் பணி அங்கே 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. இன்று அதற்கென்று தனி முதுநிலைப் படிப்பு, தனிச் சான்றுத் தேர்வு, மாநில உரிமம் எல்லாம் அங்கேயே வாங்க வேண்டும். நம் எம்.எஸ்சி. அதற்கு ஈடாகாது. முதலில் என்கிளெக்ஸ் என்ற அங்குள்ள நர்ஸ் உரிமத் தேர்வு எழுதி அங்கே சாதாரண நர்சாகப் பதிய வேண்டும், அதற்கு பி.எஸ்சி.யே போதும். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும். அங்கே அவர்கள் கேட்பது சமீபத்திய வார்டு அனுபவம். இரண்டு வருடம் படிப்பில் இருந்தால் அது இடைவெளியாகக் கணக்கில் விழலாம். போகத்தான் போகிறோம் என்று முடிவாகிவிட்டால் எது முதலில், எது பிறகு என்று வரிசை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி அனுபவச் சான்றிதழ். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வரும். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு 55 சதவீத மதிப்பெண்ணும் குறைந்தது ஒரு வருட வேலை அனுபவமும் வேண்டும் என்பது கவுன்சில் விதி. அந்த ஒரு வருடத்தை வேலை செய்யாமலே காகிதத்தில் வாங்கித் தருகிறவர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். என்னிடம் படித்த ஒரு பெண் அப்படி வாங்கினாள். எம்.எஸ்சி. முடித்து, வளைகுடா வேலைக்குத் தேர்வாகி, சான்றிதழ் உண்மையா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சரிபார்ப்புக்குக் காகிதம் போனது. அவர்கள் சான்றிதழைக் கொடுத்த இடத்துக்கே நேராக எழுதிக் கேட்பார்கள். 'இப்படி ஒருவர் இங்கே வேலை பார்க்கவில்லை' என்று பதில் வந்தது. விற்றவர்களே கைவிட்டார்கள். அந்தப் பிள்ளை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மாட்டிக்கொள்வது ஒரு பக்கம். அந்த ஒரு வருடத்தில் நாலு நைட் டியூட்டியாவது தனியாகச் சமாளித்திருந்தால்தான் மேற்படிப்பில் சொல்லித் தருவது மண்டையில் ஏறும்.

"வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று சொல்லும் கல்லூரியும் இதே வகைதான். தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்சி. நர்சிங் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கவுன்சில் அதை ஏற்பதில்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. கேட்டால் நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

எம்.எஸ்சி.யில் எழுத வேண்டிய ஆய்வறிக்கை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லைப்பக்கம் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நோயாளிகளிடம் கேட்கும் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். கேரளத்துக் கல்லூரியில் அதன் மலையாள வடிவம் தயாராக இருக்கும். தமிழ் நோயாளிகளும் வருகிறார்களே என்று, அந்த மலையாளத்தையே தமிழ் எழுத்தில் மாற்றிக்கொள்வார்கள். ஆபரேஷனுக்கு முன் வரும் பதற்றத்தை அளக்க ஒரு மாணவி அப்படித்தான் செய்தாள். 'பேடி தோன்றுகிறதா?' என்று ஒரு கேள்வி. மலையாளத்தில் பேடி என்றால் பயம். விளவங்கோடு பக்கத்து ஆளிடம் கேட்டால், "ஆமா, கொஞ்சம் பேடியா இருக்கு" என்று சாதாரணமாகச் சொல்வார். இதய ஆபரேஷனுக்கு வந்திருந்த திருநெல்வேலிப் பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைப் பாத்துப் பேடிங்கே?" என்றார். அன்றைக்கு அவர் அடுத்த கேள்விக்கு வாயே திறக்கவில்லை. பனி என்பதும் இப்படித்தான், அங்கே காய்ச்சல், இங்கே மார்கழிக் குளிர். வெள்ளம் என்றால் குமரியில் குடிக்கும் தண்ணீர், வள்ளியூர் தாண்டினால் ஊரை அடித்துப் போவது.

இதற்கு முறை இருக்கிறது. ஆங்கில மூலத்திலிருந்தே இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாவது ஆளிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு உங்கள் வார்டில் இருக்கிற பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வித்தாளை உருவாக்கியவரிடம் அனுமதியும் வாங்க வேண்டும், இதை மறப்பவர்கள் நிறைய.

தலைப்பு விஷயத்தில் என் குறை ஒன்று. அறுபது பேர், முப்பது முப்பதாகப் பிரித்து, ஒரு பாடம் நடத்தி, முன்னும் பின்னும் மதிப்பெண் போட்டு, 'அறிவு கூடியது' என்று முடிக்கும் ஆய்வறிக்கைகள் நூலக அலமாரியில் அடுக்கடுக்காக இருக்கின்றன. பாடம் நடத்தினால் அறிவு கூடத்தான் செய்யும். நம் வார்டில் தினமும் கண்ணில் படுகிற ஒன்றை எடுங்கள். எல்லை தாண்டி வந்து ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்கள் மறுபரிசோதனைக்கு ஏன் வருவதில்லை என்று யாராவது பாருங்களேன்.

நெறிமுறைக் குழு ஒப்புதல் வரும் முன் ஒரு நோயாளியிடம்கூடத் தகவல் சேகரிக்கக் கூடாது. சிகிச்சையோ பயிற்சியோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே, இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சிடிஆர்ஐ தளத்தில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதியிட்டுப் பதிய அங்கே வழியில்லை.

கடைசியாகப் பதிவு. நம் பிள்ளைகள் நிறையப் பேர் கர்நாடகத்தில் பி.எஸ்சி. படித்து அங்கேயே பதிந்திருப்பார்கள். வேலை கேரளத்தில், மேற்படிப்பு தமிழ்நாட்டில் என்று ஆகும்போது ஒரு மாநிலக் கவுன்சிலிலிருந்து இன்னொன்றுக்குப் பதிவை மாற்ற வேண்டும். தடையில்லாச் சான்று வர வாரக்கணக்கில் ஆகலாம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமானாலும் கேரள சுகாதாரப் பல்கலைக்கழகமானாலும் வெளியிலிருந்து வருகிறவர்களிடம் தகுதிச் சான்றிதழும் கேட்பார்கள். சீட் கிடைத்த பிறகு ஓடத் தொடங்கினால் கடைசித் தேதி போய்விடும். எம்.எஸ்சி. முடித்ததும் அதைக் கூடுதல் தகுதியாகக் கவுன்சிலில் பதியவும் மறக்காதீர்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போவதானால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலைநாளில் காலை பத்து மணிக்குப் போங்கள். பிரின்சிபால் அறைக்குப் போகும் முன்னே வார்டுக்குப் போங்கள். இரண்டாம் வருட எம்.எஸ்சி. மாணவி யாராவது அங்கே நோயாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால், நேற்று எத்தனை மணிக்கு ஹாஸ்டலுக்குத் திரும்பினாள், இந்த மாதம் எத்தனை நோயாளியை முழுசாகப் பார்த்தாள் என்று கேளுங்கள். யாருமே அங்கே இல்லையென்றால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுங்கள்.