"கையைக் கட்டிப்போட்டுச் சண்டைக்கு விட்டார்கள்" என்று ஒரு படையாள் எழுதினால் எப்படி வாசிப்பது

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்கு வரலாறு படிப்பிக்கிறேன். ஒப்படை காலத்தில் யாராவது ஒரு பிள்ளை ஓய்வுபெற்ற இந்தியத் தளபதி ஒருவரின் நினைவுக்குறிப்போடு வரும். "ரீச்சர், தங்கட கையைக் கட்டிப்போட்டவையெண்டு எழுதியிருக்கிறார். நம்பலாமோ?"

பாதி நம்பலாம். மிச்சத்துக்கு வேலை இருக்கு.

முதலில் எந்தக் கட்டு என்று பிடியுங்கள். எப்போது, யார்மீது, எந்த ஆயுதத்தால் சுடலாம் என்று மேலிடம் போடும் உத்தரவுகள்தான் சுடும் விதிகள். உயிர் காக்கச் சுடும் உரிமையை அவை வழக்கமாகப் பறிப்பதில்லை. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் போனபோது கனரக ஆயுதங்களுக்குத் தடை இருந்ததென்று இந்திய அமைதிப்படை அதிகாரிகள் எழுதுகிறார்கள். அதே மாதம் 21ஆம் திகதி யாழ். பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளரும் டொக்டர்மாரும் தாதிமாரும் அதே படையால் சுடப்பட்டுச் செத்தார்கள். இரண்டையும் கொப்பியின் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்தது, விதி படையாளை என்ன செய்தது என்பது. இதைச் சும்மா தட்டிக்கழிக்காதீர்கள். ஆப்கானிஸ்தானில் 2009 ஜூலையில் அமெரிக்க, நேட்டோ படைகளின் தளபதி ஜெனரல் மக்கிறிஸ்ரல் வீடுகள்மீது குண்டு போடுவதை இறுக்கினார். அந்த வீட்டிலிருந்துதான் சூடு வருகிறது, வோக்கியில் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறோம், அதற்குள் சுட்டவன் துவக்கை வைத்துவிட்டுச் சனத்தோடு நடந்து போகிறான் என்று படையினர் குமுறினார்கள். எதிராளியும் விதியைப் படித்துவிடுவான் என்பது உண்மைதான். 2010இல் அவருக்குப் பிறகு வந்த தளபதி பெற்றேயஸ் உத்தரவைத் திருத்தி எழுதினார்; ஆனாலும் சனத்தைக் காக்கும் பகுதியை எடுக்கவில்லை. ஏனென்று பிள்ளைகளே யோசிக்கட்டும்.

வட அயர்லாந்தில் பிரித்தானியச் சிப்பாய்கள் சட்டைப்பையில் ஒரு மஞ்சள் அட்டை வைத்திருந்தார்கள். சுடுமுன் எச்சரி என்றது அது. நல்ல விதி. அதை எங்கட ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள். கரியரில் விறகுக்கட்டோடு ஒருவர் சைக்கிளில் வருகிறார், பிறேக் கட்டை தேய்ந்துபோன சைக்கிள். சென்றியில் நிற்பவன் அவருக்கு விளங்காத பாஷையில் கத்துகிறான். சைக்கிள் இன்னும் பத்து முழம் உருண்டுதான் நிற்கும். அந்தப் பத்து முழமும் அவன் கண்ணுக்குத் தாக்க வருவது போலத் தெரியும். எந்த நினைவுக்குறிப்பிலும் "எச்சரித்தோம்" என்று வந்தால், எந்தப் பாஷையில் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள்.

கடைசியாக, திகதி. 2009 ஏப்ரல் 27ஆம் திகதி, வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது, கனரக ஆயுதங்களை இனிப் பாவிப்பதில்லை என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. இதைச் சரிபார்க்க அம்மம்மாவிடம் போங்கள். பங்கருக்குள் கிடந்த காதுக்கு மோட்டார் குத்துகிற சத்தமும் ஆட்டிலறிச் சத்தமும் வேறுவேறு. திகதியைச் சொல்லிக் கேட்காதீர்கள். எந்த இடத்தில் இருந்தபோது என்ன கேட்டது என்று கேளுங்கள், திகதியைப் பிறகு பொருத்தலாம். அறிவிப்புக்குப் பிறகும் ஷெல் அடித்ததாக நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் இருப்பதாக ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. சனத்துக்குக் கிட்ட நின்று புலிகள் ஷெல் குத்தியதையும், தப்பிப் போனவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை சொல்கிறது. அம்மம்மா அதையும் சொன்னால் அதையும் எழுதுங்கள், வீட்டில் யார் முகம் சுளித்தாலும்.

ஒப்படையில் சாட்சி சொன்னவரின் பெயர் வேண்டாம். வயதும், அப்போது இருந்த இடமும் போதும்.